சிப்லெஸ் டேக்: "இன்னும் சின்னதா பண்ண முடியுமா?"

சிப்லெஸ் டேக்னா சிப்பே இல்லாம ரேடியோ அலையால படிக்கிற அடையாள அட்டை. அதைப் பத்தி பெங்களூர்ல ஆர்எஃப் (ரேடியோ அலை) வேலை பாக்குற, படிக்கிற நம்ம ஆளுங்ககிட்ட இருந்து வர கேள்வியெல்லாம் கடைசில சைஸ்ல வந்துதான் நிக்குது. அஞ்சை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

சிப்பே இல்லன்னா நம்பர் எங்க சார் இருக்கு? ஃபாஸ்டேக் மாதிரிதானே இதுவும்? (எலக்ட்ரானிக் சிட்டி)

இல்லங்க. ஓசூர் ரோடு டோல்ல ரீட் ஆகுற ஃபாஸ்டேக்ல சிப் இருக்கு, ரீடர் 865–867 மெகாஹெர்ட்ஸ்ல அனுப்புற பவர்லயே அது முழிச்சு தன் நம்பரைச் சொல்லும். சிப்லெஸ்ல காப்பரோட வடிவம்தான் நம்பர். ஜலதரங்கத்துல தண்ணி அளவுக்குத் தக்கபடி ஒவ்வொரு கிண்ணமும் ஒரு சுருதி பேசுதுல்ல, அதே மாதிரி காப்பர்ல வெட்டின ஒவ்வொரு ஸ்லாட்டும் (நீளமான கீறல்) அதோட நீளத்துக்கு ஏத்த ஃப்ரீக்வென்சில ஒரு டிப் (எதிரொலில ஒரு பள்ளம்) காட்டும், எந்தெந்த இடத்துல டிப் வருதுன்னு பாத்து ரீடர் கோடைப் படிச்சிக்கும். 2009-லயே ஆஸ்திரேலியா மோனாஷ் யுனிவர்சிட்டில ப்ரெராடோவிச், கர்மாகர் டீம் ஸ்பைரல் ரெசனேட்டர் (ஸ்லாட் மாதிரியே ஒரு ஃப்ரீக்வென்சில அதிர்ற சுருள்) வச்சு 35 பிட் காட்டிட்டாங்க.

10 பிட் டேக் பண்றேன். சைஸைக் குறைக்க ஸ்லாட்டை நெருக்கி வச்சா சிமுலேஷன்ல ரெண்டு டிப் ஒண்ணாக் கலந்துடுது. என்ன பண்றது? (எம்.டெக் மாணவி, அல்சூர்)

முதல்ல கணக்கைப் பாருங்கம்மா. கால் அலைநீள ஸ்லாட், எஃப்ஆர்4 (வழக்கமான சர்க்யூட் போர்டு) போர்டுன்னா 5 கிகாஹெர்ட்ஸுக்கு சுமார் 9.1 மி.மீ. வரும், அதுக்குக் கீழ போக இயற்கை விடாது, வேணும்னா மடிச்சுக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஃப்ரீக்வென்சி ஸ்லாட்டுங்களைப் பக்கத்துப் பக்கத்துல வைக்காதீங்க, முதலாவதுக்கு அடுத்து ஆறாவது, அப்புறம் ரெண்டாவது, ஏழாவதுன்னு மாத்தி மாத்தி அடுக்கினா கப்ளிங் (ஒண்ணை ஒண்ணு பாதிக்கிறது) நல்லாவே குறையும்.

ஆனா நான் உங்க இடத்துல இருந்தா ஸ்லாட்டை நெருக்கவே மாட்டேன், எண்ணிக்கையைக் குறைப்பேன். "இருக்கு / இல்ல"ன்னு கோட் பண்ணினா 10 பிட்டுக்கு 10 ஸ்லாட் வேணும். அதுவே ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் நாலு ஃப்ரீக்வென்சி இடம் ஒதுக்கி அதுல ஏதோ ஒண்ணுல டிப் வரணும்னு வச்சா ஒரு ஸ்லாட்டே 2 பிட் சொல்லும், அஞ்சு ஸ்லாட்ல அதே 1,024 கோட் கிடைச்சிடும், அதுவும் எப்பவும் அஞ்சு டிப் வந்தே ஆகணும்ங்கிறதால நாலுதான் தெரிஞ்சா ரீடிங் தப்புன்னு அங்கயே பிடிச்சிடலாம். இடத்துக்கு இடம் நடுவுல கேப் மட்டும் தாராளமா விடுங்க. எஃப்ஆர்4-ஓட லாஸ் டேன்ஜென்ட் (அலையோட சக்தியை எவ்வளவு விழுங்குதுங்கிற அளவு) 0.02, அதுல டிப் அகலமாத்தான் வரும், 50 மெகாஹெர்ட்ஸ் கேப்பெல்லாம் அதுல நிக்காது. ரோஜர்ஸ் ஆர்ஓ4003சி போர்டுல 0.0027தான், டிப் கூர்மையா வரும், காசு கூட.

இன்னொண்ணு, இதை யாரும் கணக்குல சேக்குறதில்லங்கிறது எனக்கு உண்மையிலயே வருத்தம். தட்டையான பிளேட்டோட ஆர்சிஎஸ் (எதிரொலியோட பலத்துக்கான அளவு) பரப்போட வர்க்கத்துல போகும், அதனால டேக்கோட பக்கத்தைப் பாதியாக்கினா எதிரொலி 16-ல ஒரு பங்கா, அதாவது 12 டிபி குறையும். தூரத்தை ரெண்டு மடங்காக்கினாலும் அதே 12 டிபிதான் போகும். ஆக சைஸைப் பாதியாக்கினா படிக்கிற தூரமும் ஏறக்குறைய பாதிதான், தீசிஸ்ல "ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை பிட்"னு போடுறப்ப அது பக்கத்துலயே எத்தனை செ.மீ. தூரத்துல படிச்சீங்கன்னும் தயவுசெஞ்சு போடுங்க.

5 கிகாஹெர்ட்ஸ்ல வர வேண்டிய டிப் போர்டு அடிச்ச பிறகு 5.15-ல வருது. ஏன்? (பீன்யா)

இது நானே பட்டது. முதல் தடவை அடிச்சு வாங்கின போர்டுல டிப் எல்லாமே மேல தள்ளி நின்னுச்சு, ரெண்டு நாள் சிமுலேஷனையே குடைஞ்சிட்டு அப்புறம்தான் லென்ஸ் வச்சுப் பாத்தேன், சதுரமா முடிய வேண்டிய ஸ்லாட் முனை நகக்கண் மாதிரி வளைஞ்சு ஓரத்துல காப்பர் மிச்சம் ஒட்டிட்டு இருந்துச்சு. 9.1 மி.மீ. ஸ்லாட்ல வெறும் 0.1 மி.மீ. குறைஞ்சாலே 55 மெகாஹெர்ட்ஸ் ஏறிடும். அதோட பெர்மிட்டிவிட்டி (அலையை எவ்வளவு மெதுவாக்குதுங்கிற அளவு) 4.4-னு நீங்க போட்ட எஃப்ஆர்4 நிஜத்துல 4.2-ஆ இருந்தா இன்னொரு 95 மெகாஹெர்ட்ஸ், ரெண்டும் சேந்தா உங்க 5.15 வந்துடுச்சு பாருங்க. எஸ்.பி. ரோடுல வாங்குற ஷீட்டுக்கு ஷீட் இது மாறும். அதனால முதல்ல அதே ஷீட்ல ஒரு ஓரத்துல மூணு நீளத்துல டெஸ்ட் ஸ்லாட் அடிச்சு அளந்து நிஜ மதிப்பைக் கணக்கு போட்டு எடுங்க, அப்புறமா டேக்கை அடிங்க.

பால் பாக்கெட்ல ஒட்டலாமா?

ஸ்லாட் டேக்கை நேரா ஒட்டினா வேலைக்கு ஆகாது. தண்ணியோட பெர்மிட்டிவிட்டி 70-க்கு மேல, டிப் எல்லாம் கீழ இறங்கி மங்கிடும். பின்னாடி கிரவுண்ட் பிளேன் (முழு காப்பர் தகடு) இருக்க டிசைனா பாருங்க.

அனெக்காயிக் சேம்பர் (எதிரொலி வராத ரூம்) இல்ல, லைட்விஎன்ஏ (ஃப்ரீக்வென்சி வாரியா சிக்னலை அளக்குற சின்ன கருவி) மட்டும் இருக்கு. ரூம்லயே அளக்க முடியுமா? (கோரமங்களா)

தாராளமா. அது 6.3 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும், அதனால டிசைனை 3–6-க்குள்ள வச்சுக்கோங்க. டேக்கை 40 செ.மீ. தள்ளி வச்சு மூணு தடவை அளங்க: வெறும் ஸ்டாண்டு, அதே சைஸ் மெட்டல் பிளேட், அப்புறம் டேக். டேக்ல இருந்து வெறும் ஸ்டாண்டைக் கழிச்சு, பிளேட்ல இருந்தும் கழிச்சு, முதலை ரெண்டாவதால வகுத்தா டிப் பளிச்சுனு வந்துடும், நடுவுல கேபிளைத் தொடக் கூடாது, ஃபேனையும் நிறுத்திடணும். டைம் கேட்டிங் (குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வர எதிரொலியை மட்டும் எடுத்துக்கிறது) போடுறப்ப ஒரு கவனம். டேக்கோட எதிரொலி 2.7 நானோசெகண்ட்லயே வந்துடும், ரெண்டு மீட்டர்ல இருக்க சுவரோடது 13-க்கு மேலதான், ஆனா ஸ்லாட் அதுக்கப்புறமும் சில நானோசெகண்ட் அதிர்ந்துகிட்டே இருக்கும், நம்பர் இருக்கறதே அந்த அதிர்வுலதான். கேட்டை 4-லயே மூடிட்டு டிப் காணோம்னு தேடாதீங்க, 10 வரைக்கும் திறந்து வைங்க.