சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும் தொழிலாளர்கள்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கத் தொழிற்சாலைகளில் ஆளணிப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அறிவிக்காமல் வேலைக்கு வராமல் நிற்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஆடைத் தொழிற்சாலை சூப்பர்வைசர், சீனக்குடா): என் லைனில் 32 பேர். திங்கட்கிழமையும் சம்பளத்துக்கு அடுத்த நாளும் ஐந்தாறு பேர் சொல்லாமலே நிற்கிறார்கள். ஏசியும் பார்த்தேன், சரிவரவில்லை சேர்.

பதில்: ஏசுவதால்தான் தம்பி, சொல்லாமல் நிற்கிறார்கள். நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு சூப்பர்வைசரின் லாச்சியைத் திறந்தால், கையெழுத்து வைக்காத லீவுப் படிவம் பதினொன்று கிடந்தது. ஒன்றில் "மகளுக்குக் காதுகுத்து" என்று பென்சிலால் எழுதியிருந்தது. திகதி போய் மூன்று கிழமை. வரவு இடாப்பில் அதை எழுதிய பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு! கேட்டும் பதில் வராது என்றால் அடுத்தமுறை ஏன் கேட்கப்போகிறார்கள்?

லீவு கேட்ட அன்றே ஆம், இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவசரமென்றால் காலை ஆறு மணிக்கு முன் ஒரு போன் போதும் என்று வையுங்கள். ஆறு மணிக்குத் தெரிந்தால் ஹெல்பர் ஒருவரை மெஷினில் இருத்தலாம். ஏழரைக்குத் தெரிந்தால் லைன் நிற்கும்.

கேள்வி (ஐஸ் தொழிற்சாலை முதலாளி): நாள் தவறாமல் வருகிறவர்களுக்கு வரவு அலவன்ஸ் கொடுக்கிறேன். அப்படியும் நிற்கிறார்களே?

பதில்: ஒரு நாள் தவறினால் முழுக்காசும் போய்விடுமா? அப்படியென்றால் 4ஆம் திகதி நின்றவருக்கு மிச்ச மாதம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். கிழமைக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுங்கள். அறிவித்து நின்றவருக்கும் சொல்லாமல் நின்றவருக்கும் ஒரே வெட்டு வெட்டாதீர்கள்.

கேள்வி (அலுவலக லிகிதர்): யாரை முதலில் கூப்பிட்டுப் பேசுவது? பத்து நாள் ஒரேயடியாக நின்றவரையா?

பதில்: இல்லை. பிராட்போர்ட் கணக்கு என்று ஒன்று உண்டு. நின்ற தடவைகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மொத்த நாட்களால் பெருக்க வேண்டும். ஒரே தடவையில் 10 நாள் என்றால் 10 புள்ளி. ஒவ்வொரு நாளாகப் பத்துத் தடவை என்றால் 1000. திடீர் திடீரென நிற்பதுதான் உற்பத்தியைக் குலைக்கிறது என்பதை இது காட்டும். ஆனால் இதை வைத்துத் தண்டிக்கப் போகாதீர்கள். கைக்குழந்தைக்காரியும் ஆஸ்துமாக்காரரும்தான் மேலே வந்து நிற்பார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கள் பட்டியலில் முதலாவதாக வந்தவள் மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டால் பதிலே இல்லை, அழுகைதான். திகதிகளைப் பார்த்தேன், எல்லாம் மார்கழி, தை. தொழிற்சாலை பஸ் நிற்கும் சந்திக்கு அவள் விடியப்புறம் ஒன்றரை மைல் நடக்க வேண்டும். மழை பெய்தால் அதில் பாதி வெள்ளம். அந்த இரண்டு மாதமும் பஸ்ஸை ஊருக்குள் விட்டோம். அதே வழியில் ஏறும் இன்னும் மூன்று பேரின் வரவும் சேர்ந்தே சீரானது.

கேள்வி (கிண்ணியா): வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் பின்னேரம் திரும்புவதில்லை.

பதில்: அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையை நீட்டி, பின்னேரம் அந்த நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். நோன்பு, ஆடி அமாவாசை, தம்பலகாமத்து வேளாண்மை வெட்டு எல்லாம் முன்னரே தெரிந்தவைதானே. கலண்டரில் குறித்து ஆள் ஒழுங்கு பண்ணாதது நம் பிழை.

கேள்வி (பெண் தொழிலாளி): ஐயா, அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததால் ஐந்து நாள் அறிவிக்காமல் நின்றேன். "வேலையைக் கைவிட்டதாகக் கருதுகிறோம்" என்று கடிதம் வந்திருக்கிறது.

பதில்: அறிவிக்காதது பிழைதான் பிள்ளை, ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் வராமல் நின்றது மட்டும் வேலையைக் கைவிட்டதாகாது. திரும்பி வரும் எண்ணமே இல்லை என்பதும் தெரிய வேண்டும். இன்றைக்கே பதில் எழுதுங்கள்: காரணம், ஆஸ்பத்திரித் துண்டின் பிரதி, வேலைக்கு வர ஆயத்தம் என்ற வரி. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு நேரிலும் போய் நில்லுங்கள். அப்படியும் நீக்கினால் ஆறு மாதத்துக்குள், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். "பிறகு கூப்பிடுகிறோம்" என்ற பேச்சை நம்பி அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள். தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டும் பத்திரம்.