ஆர்ப்பாட்டத்துக்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள்

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் எங்கள் ஊர். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் கிணறுகள் கெட்டுவிட்டன. இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறோம், பதிவு செய்யவில்லை. ஆர்ப்பாட்டம் நடத்தலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாக நடத்தலாம். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு தருகிறது. அதற்குச் சங்கப் பதிவு தேவையில்லை. ஆனால் மைக் பிடிக்கும் முன் கையில் காகிதம் இருக்கட்டும்.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கை நினைத்துப் பாருங்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாகச் சொன்ன ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொன்னது. அப்படியும் தீரவில்லை, இதே பிரச்சினைக்காக 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது. அதனால் ஒருநாள் கூட்டத்தோடு கலைந்துவிடாத குழுவாக அமையுங்கள்.

முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முடிவைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். அப்புறம் திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ன ஆய்வு செய்தது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். உங்கள் ஊரிலேயே பலர் அந்தத் தொழிற்சாலைக் கூலியில்தான் அடுப்பு எரிக்கிறார்கள். 'ஆலையை மூடு' என்று கத்தினால் அவர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். 'சுத்திகரிக்காத கழிவை விடாதே, கெட்ட கிணற்றுக்கு மாற்றுக் குடிநீர் கொடு' என்று கேளுங்கள், அவர்களும் வந்து நிற்பார்கள். அவர்கள் வீட்டுக் குடமும் அதே கிணற்றில்தானே இறங்குகிறது! கோரிக்கையை எழுதும்போதே அவர்களைக் கூட உட்கார வையுங்கள்.

ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுமதி கேட்டுக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். டி.எஸ்.பி.க்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம்.

சாலை மறியல் மட்டும் வேண்டாம். வழக்குப் பதிவானால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பில் சிக்குவது உங்கள் குழுவில் இருக்கும் படித்த பிள்ளைகள்தான்.