சிபி/எம் கர்னலை நாமே அசெம்பிள் செய்தல்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இசட்80 என்ற 8 பிட் செயலி கொண்டு வீட்டில் கட்டிய கணினிகளில் சிபி/எம் 2.2 என்ற பழைய இயக்க முறைமையை ஏற்றுவதைப் பற்றியவை. எனவே இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன். அசெம்பிள் செய்வது என்றால், மூலநிரலை அசெம்பிளர் என்ற மென்பொருளால் இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது. மெமரி முகவரிகள் ஹெக்ஸ் (பதினாறு அடிமான) எண்களில் உள்ளன.

கேள்வி: சிபி/எம் மூலநிரலை என் இசட்80 அசெம்பிளர் ஏற்க மறுத்து, வரிக்கு வரி பிழை காட்டுகிறது. கோப்பு கெட்டுப்போயிருக்குமா?

பதில்: கோப்பு சரியாகத்தான் இருக்கிறது. அது இன்டெல் 8080 செயலியின் குறியீட்டில் எழுதப்பட்டது. இசட்80 அந்த இயந்திரக் கட்டளைகளை இயக்கும் என்றாலும், இசட்80-ஐ உருவாக்கிய ஜைலாக் அவற்றுக்கு வேறு பெயர்களைச் சூட்டியது. இரண்டு குறியீடுகளையும் ஏற்கும் இசட்மேக் போன்ற ஓர் அசெம்பிளரைப் பயன்படுத்துங்கள். கையால் மாற்ற முற்பட்டால் 'ஜேபி' கட்டளையில் எச்சரிக்கை தேவை: இன்டெல்லில் அது விடை நேர்மறையாக இருந்தால் மட்டும் தாவும், ஜைலாக்கில் நிபந்தனையின்றித் தாவும். இந்தத் தவறை அசெம்பிளர் சுட்டிக்காட்டாது. ஒவ்வொரு வரியின் முகவரியையும் பைட்களையும் அசெம்பிளர் எழுதித் தரும் லிஸ்டிங்கைப் படிப்பவருக்கு மட்டுமே அது புலப்படும்.

கேள்வி: என் போர்டு பூட் ஆகவில்லை. காரணம் என்ன? உடனே பதில் தேவை.

பதில்: கடிகார வேகம், மெமரி அமைப்பு, அசெம்பிளரின் பெயர், கடைசியாகத் திரையில் தெரிந்த எழுத்து ஆகிய எதையும் குறிப்பிடாத கடிதத்துக்கு எவராலும் பதில் சொல்ல இயலாது. லிஸ்டிங் கோப்பையும் சேர்த்து மீண்டும் எழுதுங்கள். அதற்குள் ஒன்றைச் சரிபாருங்கள். ரீசெட் ஆனதும் இசட்80 முகவரி 0000-இலிருந்து தொடங்குவதால் அங்கே ரோம் இருக்க வேண்டும். சிபி/எம்முக்கோ அதே இடத்தில் ரேம் வேண்டும். ரோமை விலக்கும் கட்டளையை ரோமில் இருந்தபடியே இயக்கினால், அடுத்த கட்டளை இருந்த இடமே மறைந்துவிடும். சிபி/எம்மை ஏற்றும் நிரல் துண்டான லோடரை ரேமின் மேற்பகுதிக்கு நகலெடுத்து, அங்கே தாவிய பிறகே ரோமை விலக்குங்கள். அந்தத் துண்டு எங்கே ஓடப்போகிறதோ அந்த முகவரிக்கு அதை அசெம்பிள் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: வேறொரு போர்டுக்கான ஆயத்த சிஸ்டம் இமேஜை (அசெம்பிள் செய்து முடித்த சிபி/எம் கோப்பை) எடுத்து, சீரியல் போர்ட் எண்களையும் சில முகவரிகளையும் ஹெக்ஸ் எடிட்டரில் மாற்றி ஏற்றினேன். கட்டளைக் குறி வருகிறது, கோப்புகளைப் பட்டியலிடும் 'டிர்' வேலை செய்கிறது, சிறிய நிரல்களும் ஓடுகின்றன. பெரிய நிரலிலிருந்து வெளியேறினால் மட்டும் கணினி உறைந்துவிடுகிறது. ரேம் சில்லு பழுதா?

பதில்: ரேமைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரிய நிரல்கள் தமக்கு இடம் தேடிக் கட்டளைச் செயலியான சிசிபியின் மேல் எழுதிக்கொள்ளலாம். சிபி/எம் அதை அனுமதிக்கிறது. வெளியேறும்போது அவை 0000-க்குத் தாவும். அப்போது, வன்பொருளோடு பேசும் பகுதியான பயாஸின் வார்ம் பூட் (மறுதொடக்கப்) பகுதி சிசிபியையும், கோப்புகளைக் கையாளும் பிடாஸையும் வட்டிலிருந்து மறுபடி படித்து ஏற்ற வேண்டும். சிறிய நிரல்களில் பல இந்த வழியில் செல்லாமல் நேரே சிசிபிக்குத் திரும்பிவிடுகின்றன. 'டிர்' சிசிபிக்குள்ளேயே இருக்கிறது. எனவே உங்கள் வார்ம் பூட் இதுவரை சோதிக்கப்படவே இல்லை. சிசிபி 2 கேபி, பிடாஸ் 3.5 கேபி, ஆக மொத்தம் 5.5 கேபி, அதாவது 512 பைட் செக்டார்கள் 11. வார்ம் பூட் அதைவிடக் குறைவாகப் படிக்கிறது, அல்லது வட்டில் இருக்கும் பிரதி வேறு முகவரிக்காக அசெம்பிள் ஆனது. இரண்டில் ஒன்றுதான் காரணம்.

இந்த ஹெக்ஸ் எடிட்டர் பழக்கத்தைப் பற்றிப் பலமுறை எழுதிவிட்டேன், மீண்டும் எழுதுகிறேன். சிபி/எம் 2.2 குறித்த முகவரியில் மட்டுமே ஓடக்கூடியது. அதனுள் உள்ள ஒவ்வொரு தாவலும் அழைப்பும் முழு முகவரியைச் சுமந்திருக்கின்றன. கண்ணில் பட்ட நான்கு இடங்களை மாற்றினால் படாத நாற்பது இடங்கள் பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். மூலநிரலில் மெமரி அளவைக் குறிக்கும் ஒரு வரியை மாற்றி மறுபடி அசெம்பிள் செய்தால், மீதி அத்தனையையும் அசெம்பிளரே கணக்கிட்டுவிடும். சிபி/எம்மை உருவாக்கிய கேரி கில்டால் 1970களின் நடுவில் வன்பொருள் சார்ந்த பகுதியை பயாஸ் எனத் தனியே பிரித்ததே, கணினி வைத்திருப்பவர் அந்தப் பகுதியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் கையேடு மாதிரி பயாஸின் முழு லிஸ்டிங்கையும் அச்சிட்டுக் கொடுத்தது. மூலநிரல் கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. சிபி/எம்மின் உரிமையைப் பெற்றிருந்த லினியோ நிறுவனம் 2001-இல் அளித்த அனுமதி எல்லோருக்கும் பொருந்தும் என்று 2022-இல் தெளிவாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பிறர் செய்து வைத்த இமேஜை ஒட்டுப்போட்டு ஓட்டுபவர், அது நிற்கும்போது எங்கே தேடுவது என்றுகூட அறியமாட்டார். அசெம்பிள் செய்யுங்கள், லிஸ்டிங்கைப் பத்திரப்படுத்துங்கள், எந்தப் பைட் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதை அதில் பாருங்கள்.

கேள்வி: மெமரி அளவை 64 என வைத்து, 8 எம்பி கொண்ட எட்டு டிரைவ்களை வரையறுத்தேன். அசெம்பிள் ஆகிறது, ஆனால் முதல் டிரைவைத் தொட்டதும் எல்லாம் குலைகிறது.

பதில்: 64 என வைத்தால் பயாஸ் 62.5 கேபியில் தொடங்கும். உங்களுக்கு மிஞ்சுவது 1.5 கேபி. 4 கேபி பிளாக்குகள் கொண்ட 8 எம்பி டிரைவ் ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த பிளாக் பயன்பாட்டில் உள்ளது என்று குறித்துவைக்கும் ஒதுக்கீட்டு அட்டவணை பயாஸில் 256 பைட் கேட்கும்; எட்டுக்கு அதுவே 2 கேபி. அதற்குமேல் 512 பைட் செக்டார் பஃபர் வேறு. மிகுதி 64 கேபியைத் தாண்டி 0000-க்குச் சுற்றி வந்து, அங்குள்ள தாவல் கட்டளைகளை அழிக்கிறது. மெமரி அளவை 60 ஆக்குங்கள், பயாஸுக்கு 5.5 கேபி கிடைக்கும். லிஸ்டிங்கின் கடைசி முகவரியை ஒருமுறை பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

கேள்வி: காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு பைட்தான் வருகிறது.

பதில்: அட்டை 16 பிட் முறையில் இருக்கிறது. அது தயார் நிலைக்கு வரும்வரை காத்திருந்து, 8 பிட் முறைக்கு மாற்றும் கட்டளையை அனுப்புங்கள். ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: பிழை தேடுவதற்காக என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) பொத்தான் ஒன்றைப் பொருத்தலாமா?

பதில்: சிபி/எம்மில் வேண்டாம். என்எம்ஐ வந்தால் இசட்80 முகவரி 0066-க்குத் தாவும். 005சி முதல், கோப்பின் பெயரைத் தாங்கும் சிபி/எம்மின் இயல்பான கோப்புக் கட்டுப்பாட்டுத் தொகுதி இருப்பதால், அந்த இடம் அதன் நடுவில் விழுகிறது. நீங்கள் அங்கே வைக்கும் தாவல் கோப்பின் பெயரோடு சேர்ந்து அழிந்துபோகும்.

கேள்வி: சிபி/எம்மை விட்டு நேரடியாக ஃப்யூசிக்ஸுக்குப் போகலாமா?

பதில்: சிறு கணினிகளுக்கான யூனிக்ஸ் போன்ற இயக்க முறைமையான, ஆலன் காக்ஸின் ஃப்யூசிக்ஸ் அருமையான வேலை; ஆனால் அதன் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது, வசதியாக ஓட, பகுதி பகுதியாக மாற்றிக்கொள்ளும் பேங்க் முறை ரேமும் டைமர் இன்டரப்டும் வேண்டும். முதலில் சிபி/எம்முக்கு ஒரு பயாஸைத் தானே எழுதி ஓட்டியவர், ஃப்யூசிக்ஸின் வன்பொருள் பகுதியைத் தயங்காமல் எழுதுவார்.

கேள்வி: 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கிடைக்கவில்லை. 8 போட்டால் சீரியல் 115200 வேகத்தில் ஓடுமா?

பதில்: ஓடாது. 7.3728 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்தால் சரியாக 115200 வரும்; 8 மெகாஹெர்ட்ஸை வகுத்தால் 125000 வரும். அது ஏறத்தாழ 8.5 விழுக்காடு அதிகம், சீரியல் இணைப்பு அவ்வளவு பிழையைத் தாங்காது.