கேள்வி நேரம்: பேருந்தும் சமையலறையும்

கேள்வி: ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்ததும் அமெரிக்கப் பேருந்துகளில் நிறப் பாகுபாடு ஒழிந்துவிட்டதா?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: இல்லையம்மா. வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்ததற்காக, கறுப்பினப் பெண்ணான அவர் 1955 டிசம்பர் 1 அன்று கைதானார். அது நடந்த, அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரின் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்த பிறகுதான் விடிவு வந்தது. அதே ஊரில் அந்த ஆண்டு மார்ச் மாதமே கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தார். பேருந்துகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வாங்கிய வழக்கில் அவரும் ஒரு மனுதாரர். அந்தப் பெண்ணை இத்தனை பேர் மறந்துவிட்டது எனக்கு ஆறவே இல்லை.

அந்த நாட்களில் மக்கள் நடந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் கோழி வறுத்து, சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்றுத் திரட்டினார். கூடவே உழைத்த பெண்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கிருந்தும் இல்லை" என்பதுதான் பதில். குழுவுக்கும் அதையே பெயராக வைத்தார்கள்.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, தலைச்சுமையாக மாட்டுங்கா வரை கொண்டுபோய் விற்ற என் அத்தை நினைவுக்கு வருகிறார். சங்கக் கூட்டம் என்றால் ஒரு தூக்கு இட்லி காசு வாங்காமல் போகும். கணக்கு நோட்டில் அது ஏறியதே இல்லை.

புறக்கணிப்பு தொடர்பான வழக்கில் நீதிமன்றத்தில் துணிந்து சாட்சி சொன்ன கில்மோருக்கு வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து சாப்பிட்டார்.