வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்புகிறவர்

கேள்வி: நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பெற்றோரும் மனைவியும் ஐந்து வயது மகளும் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். சில ஆண்டுகளாக வெள்ளி இரவு ஊருக்குக் கிளம்பி வந்து ஞாயிறு இரவு திரும்பிப் போகிறேன். பெரும்பாலும் பேருந்துதான், டிக்கெட் கிடைக்காத நாள்களில் நானே காரை ஓட்டி வந்துவிடுவேன். பணத்துக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. இப்போது மனைவி, "ஒன்று எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் நீங்கள் இங்கே வந்துவிடுங்கள்" என்கிறார். பெற்றோரைத் தனியே விட முடியாது. இந்தச் சம்பளமும் இங்கே கிடைக்காது. அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் மனைவி எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். உங்கள் கடிதத்தில் உங்கள் பயணம் இருக்கிறது, உங்கள் சம்பளம் இருக்கிறது, உங்கள் பெற்றோர் இருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கோபி வட்டாரத்தில் தோட்டத்துக் குடித்தனம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். விடிவதற்கு முன் எழுந்து கட்டுத்தரையைக் கூட்டி, சாணி அள்ளி, பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் வீட்டு வேலை தொடங்கும். பள்ளி வேன் தோட்டம்வரை வராது. மகளை வண்டியில் ஏற்றித் தார்ச்சாலை முக்கில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தடப்பள்ளி வாய்க்காலோ கீழ்பவானி வாய்க்காலோ, தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் மடை திருப்ப ஆள் வந்தாரா என்று பார்ப்பதும், அவருக்குக் கூலியும் காப்பியும் கொடுப்பதும், மாமனாரின் மாத்திரை தீர்ந்ததா என்று கவனிப்பதும் ஒருவர் கணக்கில்தான் சேர்கின்றன. இவற்றில் பாதி உங்கள் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் மகளுக்குக் காய்ச்சல் அடித்தால் வண்டியை எடுக்க வேண்டியவர் யார் என்பதில் மாற்றம் இல்லை. இவ்வளவு பொறுப்பைச் சுமக்கிறவர், ஒரு மாட்டை விற்பதென்றாலும் மகளின் பள்ளியை மாற்றுவதென்றாலும், "அவர் சனிக்கிழமை வரட்டும்" என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலை அவருடையதாகவும் முடிவு உங்களுடையதாகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் அவர் இனி முடியாது என்கிறார்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தவுடன் என்ன ஆகிறது? காலையில் நீங்கள் வந்து இறங்கும்போது பயணக் களைப்பு. பத்து மணிவரை உறங்குகிறீர்கள், அது தவறில்லை. எழுந்தால் முகூர்த்த நாள்; பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கோ மாமன் வீட்டுக் காதுகுத்துக்கோ போய் மொய் எழுதாமல் இருக்க முடியாது. ஞாயிறு மதியத்துக்கு மேல் துணி மடிப்பதும் பை கட்டுவதும் தொடங்கிவிடும். நீங்கள் தவறாமல் வருகிறீர்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் மனைவியோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிய வாரம் கடைசியாக எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நானே ஓட்டி வந்துவிடுவேன் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. கோபியில் ரயில் நிலையம் இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கிய கோவை–பெங்களூர் வந்தே பாரத் ஈரோடு வழியாகப் போனாலும், திரும்பும் வண்டி பிற்பகலிலேயே பெங்களூரை விட்டுக் கிளம்பிவிடுவதால் வெள்ளி மாலை அலுவலகம் முடித்து வருகிறவருக்கு அது உதவாது. சத்தியமங்கலம் காட்டு வழியாக வரும் திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத்தான் வருவீர்கள். தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் வரும் வண்டிகளுக்கு அது செங்குத்தான இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளின்மேல் மோதிய விபத்துகள் அங்கே எத்தனையோ நடந்திருக்கின்றன. காலை ஆறரைக்கு எழுந்து, நாள் முழுவதும் வேலை பார்த்து, கிட்டத்தட்ட நள்ளிரவில் நீங்கள் அந்த இறக்கத்தில் வருகிறீர்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ஓரளவு மது அருந்தியவருடையதைப் போல மந்தமாகிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டிக்கெட் கிடைக்காத வாரம் சனிக்கிழமை காலையில் கிளம்புங்கள், அல்லது வராதீர்கள். இதை உங்கள் மனைவியும் ஒப்புக்கொள்வார்.

இனி வழிகள். சம்பளம் இங்கே கிடைக்காது என்கிறீர்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பெங்களூர் அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு, வாரம் இரண்டு பயணம், பண்டிகைக் காலத்தில் ஆம்னி பேருந்துகள் கேட்கும் கட்டணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். கோவையில் சரவணம்பட்டியும் விளாங்குறிச்சி டைடல் பூங்காவும் மென்பொருள் வேலைக்குப் பெயர் பெற்ற இடங்கள். சரவணம்பட்டி உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சத்தியமங்கலத்திலிருந்து புளியம்பட்டி, அன்னூர் வழியாக வரும் சாலையிலேயே இருக்கிறது. தினமும் போய்வர அது தூரம்தான். ஆனால் அங்கே குடும்பத்தோடு தங்கினால், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மாலையில் தகவல் வந்தாலும் அன்றிரவே வீட்டில் இருப்பீர்கள். சம்பளம் குறைவாகவே கிடைத்தாலும் முதலில் இதைத் தேடுங்கள். வீட்டிலிருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் வேலை செய்ய உங்கள் நிறுவனம் அனுமதிக்கும் என்றால், கோவை வேலை அமையும்வரை அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெங்களூருக்கே அழைத்துப் போவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடமும் ஒரு மொழிப்பாடம். ஐந்து வயதுக் குழந்தை அதை விளையாட்டுப் போலப் பிடித்துக்கொள்ளும்; எட்டாம் வகுப்பில் போய் எழுத்துக் கூட்டுவது கொடுமை. அங்குள்ள தனியார் பள்ளிகள் பலவற்றில் அடுத்த ஆண்டுச் சேர்க்கை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

பெற்றோரைத் தனியே விட முடியாது என்பது நியாயமான கவலை. ஆனால் அவர்கள் உங்களுக்கும் பெற்றோர். நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு அந்தக் கடமையை மனைவியின் பெயரில் எழுதிவிட்டீர்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு, மாடுகளைக் குறைத்து, நம்பிக்கையான ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் அவர்களால் சமாளிக்க முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள். பெரியவர்கள் இதற்கு ஒப்பவே மாட்டார்கள் என்று பிள்ளைகள்தான் பல வீடுகளில் முடிவு செய்துகொள்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை விசேஷ வீட்டுக்கு மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு, பெற்றோரையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்து, முதலில் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். கோவையா பெங்களூரா என்பதையும், எந்த மாதத்துக்குள் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். வரும் ஜூன் மாதம் உங்கள் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது நீங்களும் அதே வீட்டில் இருக்க வேண்டும்.