சுத்தியலை வைத்துவிட்டு அரத்தை எடுங்கள்

கேள்வி: காயலான் கடை ஒன்றை டயோரமாவாக, அதாவது சின்ன மாதிரிக் காட்சியாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதில் வைக்க, கையடக்க இரும்புப் பொம்மைக் கார்களை நொறுங்கிப்போன, துருப்பிடித்த வண்டிகளாக மாற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் ஒடுக்கு விழாமல் விரிசல் விட்டு உடைகிறது. இரண்டு கார்கள் வீணாகிவிட்டன. பழுப்பு பெயின்ட் அடித்தால் துரு மாதிரி இல்லை, சாக்லேட் பூசிய மாதிரி இருக்கிறது. ஒருவர் 'துரு கிட்'டும், 'ரெடிமேட் ஜங்க்யார்டு செட்'டும் விற்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், இரண்டையும் வாங்காதீர்கள். அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன். முதலில் உங்கள் கார் ஏன் உடைந்தது என்று பார்ப்போம்.

அது இரும்பே இல்லை. இந்த வகைக் கார்களின் உடல், துத்தநாகக் கலப்பு உலோகத்தை உருக்கி அச்சில் அழுத்தி வார்த்தது. சுமார் 96 சதவீதம் துத்தநாகம், மீதியில் பெரும்பகுதி அலுமினியம். வார்ப்பு உலோகம் தகரம் போல மடங்காது. ஓரளவு தாங்கும், அப்புறம் பட்டென்று விரியும். சூடாக்கி வளைக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். 380 டிகிரி செல்சியஸை ஒட்டி அது உருகவே தொடங்கிவிடும். அடுப்புச் சுடரில் அந்த இடத்தைக் கணித்து நிறுத்த யாராலும் முடியாது. அந்த வழியை மறந்துவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பொம்மைக் காரின் உடல் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன். 64-இல் ஒரு பங்கு அளவுள்ள கார் என்றால், நிஜத்தில் அது 6.4 செ.மீ. தடிமனுள்ள தகடு. பீரங்கி வண்டிக்குத்தான் அப்படி இருக்கும். நிஜக் காரின் தகரம் 0.7 அல்லது 0.8 மி.மீ.தான். உங்கள் பழுப்பு பெயின்ட் எடுபடாமல் போனதற்கு நிறம் பாதிக் காரணம்தான். உடைந்த இடத்திலும் கதவு விளிம்பிலும் தெரிகிற அந்தத் தடிமன்தான் பொம்மை என்று காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

காரைத் திருப்பிப் பாருங்கள். அடித்தட்டை இரண்டு ரிவெட்கள் (தலை நசுக்கிய ஆணிகள்) பிடித்திருக்கும். திருகாணி போட்டிருந்தால் இந்த வேலையே இல்லை. ஆனால் திறந்து பார்க்க நினைப்பவரைப் பற்றி இந்தப் பொம்மைத் தொழிலில் யாருக்கும் அக்கறை இல்லை. ரிவெட் தலையின் நடுவில் ஆணியால் ஒரு சிறு குழி இட்டு, முதலில் 2 மி.மீ. பிட், அப்புறம் 3 மி.மீ. பிட் வைத்து மெதுவாகத் துளையுங்கள். தலை கழன்று பிட்டோடு சுற்ற ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் தூண் போய்விடும். காரைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்க வேண்டாம், துணி சுற்றி வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

திறந்ததும் சக்கர வளைவு, கதவின் அடி, ஜன்னல் விளிம்பு ஆகியவற்றை உள்பக்கமாக அரத்தால் சாய்த்துத் தேயுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் விளிம்பு கத்தி முனை அளவுக்கு மெலிந்து தெரிய வேண்டும். மெலிந்த இடத்தைக் குறட்டால் லேசாகக் கடித்தால் நீங்கள் கேட்ட கந்தல் விளிம்பு தானாக வரும்.

ஒடுக்குக்கு வழி சமையலறையில் இருக்கிறது. 0.8-ஐ 64-ஆல் வகுத்தால் 0.0125 மி.மீ. உணவு சுற்றும் அலுமினியத் தாள் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். குளிர்பான டப்பாவை வெட்டிப் பயன்படுத்தச் சொல்வார்கள். அது 0.1 மி.மீ., இந்த வேலைக்கு மிகவும் விறைப்பு. தாளைப் பானட்டின் மேல் விரித்து, பஞ்சுக் குச்சியால் மென்மையாகத் தேயுங்கள். பானட்டின் மேடுபள்ளம், நடுக்கோடு எல்லாம் அதில் பதியும். கிழியாமல் எடுத்து, அடிப்பக்கத்தில் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, பாதி காய்ந்ததும் விரலால் நசுக்குங்கள். முழுவதும் காய்ந்தபின் அந்த நசுங்கல் அப்படியே நிற்கும். காரில் அசல் பானட் இருந்த இடத்தை வரிசையாகச் சிறு துளைகள் இட்டு வெட்டியெடுத்து, இதைச் சற்றுத் தூக்கினாற்போல ஒட்டுங்கள். உள்ளே இன்ஜின் வைக்க வேண்டாம். விலை போகும் இன்ஜின், பேட்டரி, ரேடியேட்டரை எல்லாம் முதலில் கழற்றிவிடுவார்கள். வெற்றுக் குழியும் தொங்கும் இரண்டு ஒயரும்தான் உண்மைக்கு நெருக்கம்.

பெயின்டுக்கு வருவோம். எல்லோரும் முதல் வேலையாகப் பழைய பெயின்டை மருந்து ஊற்றி உரிக்கச் சொல்கிறார்கள். எதற்கு? உங்களுக்கு வேண்டியது வெயிலில் வெளுத்த அசல் பெயின்ட். அது ஏற்கெனவே காரில் இருக்கிறது. 800 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் எடுங்கள். கூரையிலும் பானட்டிலும் கூடுதலாகத் தேயுங்கள், வெயில் அங்கேதான் படும். 1970களுக்கு முந்தைய கார் என்றால் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

துரு ஒரே நிறம் இல்லை. பழைய துரு நடுவில் கருமையான பழுப்பு, அதன் ஓரத்தில் புதுத் துரு ஆரஞ்சாக மெல்லிய கோடு. கிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டைக் கரும்பழுப்பில் தொட்டு, தாளில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்தபின் காரில் தட்டுங்கள். இடம் முக்கியம்: சக்கர வளைவின் மேல், கதவின் அடி, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், கூரையில் தண்ணீர் ஓடும் பள்ளம். தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் துரு தொடங்கும், அங்கிருந்து கீழ்நோக்கித்தான் கறை ஒழுகும். கூரை நடுவில் காரணமில்லாமல் ஒரு துருத் திட்டு வைத்தால் பார்ப்பவர் கண் உடனே பிடித்துவிடும். பெயின்ட் உரிந்த மாதிரி வேண்டுமானால், துரு நிறம் அடித்து வார்னிஷ் பூசிக் காயவிட்டு, ஹேர் ஸ்ப்ரே இரண்டு பூச்சு, அதன் மேல் நீரில் கரையும் அக்ரிலிக் நிறம் அடியுங்கள். அது காய்ந்த அரைமணிக்குள் ஈரத் தூரிகையால் சுரண்டினால் மேல் நிறம் செதில் செதிலாகக் கழன்று வரும். அலுமினியத் தாள் ஒட்டிய இடத்தில் முதலில் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காவிட்டால் எல்லாமே கழன்று வந்துவிடும்.

இப்போது அந்த 'துரு கிட்'. இரும்புப் பொடி கலந்த பெயின்டும் அதைத் துருப்பிடிக்க வைக்கும் திரவமும் உண்மையாகவே உண்டு, வேலையும் செய்யும். ஆனால் சாதாரணப் பழுப்பு அக்ரிலிக்கைச் சின்னக் குப்பியில் அடைத்துப் பெரிய பெயர் வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். சோதனை எளிது. ஒரு சொட்டைத் தாளில் தடவிக் காயவைத்து, காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். தாள் அசையாவிட்டால் அதில் இரும்பு இல்லை. அந்தச் சோதனைக்கு அவர் சம்மதிக்கமாட்டார் என்பது என் கணிப்பு. உங்களுக்கு வேண்டியதோ ஒரு சிட்டிகைத் துருப் பொடி. இரும்பு நாரை உப்புத் தண்ணீரில் நனைத்து, காற்றுப்பட சில நாள் வையுங்கள். நன்றாகத் துருப்பிடித்ததும் தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, காயவைத்துப் பொடித்து, துணியில் சலியுங்கள். அலசாமல் விட்டால் அந்த உப்பே காரின் துத்தநாகத்தை அரிக்கும். துரு சீக்கிரம் வரட்டும் என்று வினிகரையும் பிளீச்சையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் குறிப்புகள் உலவுகின்றன. ஒருக்காலும் செய்யாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இதைக்கூட ஒரு வரி எச்சரிக்கையில்லாமல் பரப்புகிறவர்களை என்ன சொல்வது?

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகச் செய்பவர்களே இதில்தான் தவறுகிறார்கள். எல்லாக் காரும் துருப்பிடிக்காது. செவ்ரோலெட் கார்வெட் 1953-இல் வந்த நாளிலிருந்தே கண்ணாடியிழை உடல். அதன் கதவில் துரு ஓட்டை போட்டால், விஷயம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். கண்ணாடியிழை விரியும், சில்லாக உடையும், உடைந்த ஓரத்தில் நார் தெரியும். மேல்பூச்சில் சிலந்தி வலை போல வெடிப்பு விழும். அடிச்சட்டம் மட்டும் எஃகு, துரு அங்கே வரலாம். கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் காரின் வெளித்தகடுகள் பருத்தி நாரும் பிசினும் கலந்து அழுத்தியவை. அவை உடையும், துருப்பிடிக்காது. 1948-இல் தொடங்கிய பழைய லேண்ட் ரோவரின் வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதற்கு ஆரஞ்சு துரு கிடையாது, வெள்ளையாகப் பொடி பூக்கும். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில்தான் அது அதிகம். சட்டமும் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள எஃகுப் பகுதியும் துருப்பிடித்துத் தொங்கும்போது மேல்தகடு ஒடுக்கோடு மட்டும் நிற்கும். அதனால் தூரிகை எடுக்கும் முன் உங்கள் பொம்மை எந்த வண்டியின் நகல் என்று அடித்தட்டில் படியுங்கள். பெயர் அங்கே வார்த்திருக்கும்.

அதே அடித்தட்டில் ஒரு வருடமும் இருக்கும், அதை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ஹாட் வீல்ஸ் போன்றவற்றில் அது அந்த வடிவமைப்பின் உரிமை பதிந்த ஆண்டு. கார் எப்போது செய்யப்பட்டது என்பது வேறு கதை. '1974 அசல்' என்று எடை போட்டு விற்கும் பெட்டிகளில் பாதி, போன வருடம் வார்த்ததாகக்கூட இருக்கலாம். ரெடிமேட் செட்டிலும் இதே தந்திரம்தான். படத்தில் மேலே நாலு நல்ல உலோகக் கார், அடியில் பிளாஸ்டிக். எல்லாக் கார்களின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அளவும் இடிக்கும். இந்தக் கார்கள் பலவும் ஒரே அளவு அட்டைக்குள் அடங்கும்படி செய்யப்படுபவை. நிஜத்தில் 3.05 மீட்டர் நீளமான பழைய மினி, 64-இல் ஒரு பங்கில் 48 மி.மீ.தான் வர வேண்டும். 5.5 மீட்டர் பிக்கப் டிரக் 86 மி.மீ. வர வேண்டும். கடையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் உங்கள் காயலான் கடை கெட்டுவிடும். அளவுகோல் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அட்டையில் அளவை நேர்மையாக அச்சிட்டால் நமக்கு ஏன் இந்தக் கணக்கு?

கண்ணாடியில் ஒரு குறிப்பு. பெரும்பாலான கார்களில் முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, உடைந்தாலும் வலைபோல் விரிந்து சட்டத்திலேயே நிற்கும். ஊசியால் ஒரு புள்ளியிலிருந்து கீறுங்கள். பக்கக் கண்ணாடி கெட்டிப்படுத்தியது, உடைந்தால் சிறு மணிகளாகக் கொட்டிவிடும். ஆகவே அது முழுதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. விரிசலிட்ட பக்கக் கண்ணாடி வேண்டாம்.

உடைந்த அந்த இரண்டு கார்களைத் தூக்கிப் போடாதீர்கள். விரிசல் வழியாகவே பிரித்து, விளிம்பை உள்ளிருந்து தேயுங்கள். முன்பாதியை ஒன்றாகவும் பின்பாதியை ஒன்றாகவும் மற்ற வண்டிகளின் மேல் சாய்த்து அடுக்கலாம். காயலான் கடையில் இன்ஜினுக்காகவும் டிக்கிக்காகவும் குறுக்கே அறுத்த பாதி வண்டிகள் நிறையவே கிடக்கும்.