உள்ளாட்சி பற்றிக் கேட்டீர்கள்

கேள்வி: நாடாளுமன்றம் இருக்கும்போது உள்ளாட்சி எதற்கு? குப்பை அள்ளுவதையும் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே?

பார்த்துக்கொள்ளலாம். அள்ளாவிட்டால் யாரைப் பிடிப்பீர்கள்? போர், வரி, வேலைவாய்ப்பு என எல்லாவற்றுக்கும் சேர்த்து நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே ஓட்டு. அதில் உங்கள் தெருவிளக்கு எங்கே தெரியும்? உள்ளாட்சித் தேர்தலில் அந்த விளக்குக்காகவே ஒருவரைத் தோற்கடிக்கலாம். அப்புறம், நாட்டளவில் தோற்ற கட்சி ஏதோவொரு நகரத்தையாவது ஆண்டு காட்ட முடியும். தோற்றவருக்கும் கையில் கொஞ்சம் வேலை இருந்தால், தோல்வியை ஏற்கவும் மனசு வரும்.

கேள்வி: சார், எங்களுக்கு மன்றம் உண்டு, தேர்தலும் உண்டு. வேலைதான் நடப்பதில்லை.

உறுப்பினரைத் திட்டுமுன் பட்ஜெட்டைப் பாருங்கள். மன்றமே வசூலிக்கும் வரி எவ்வளவு? மேலிருந்து வரும் மானியம் எவ்வளவு? அதில் ‘இன்ன செலவுக்கு மட்டும்’ என்று முத்திரை குத்தி வந்தது எவ்வளவு? கடைசித் தொகைதான் பெரிது என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு கணக்குப்பிள்ளையை. 1985-ல் உருவான ஐரோப்பிய உள்ளாட்சித் தன்னாட்சி சாசனம் இதைத்தான் பிடித்துக்கொண்டது: உள்ளாட்சிக்குச் சொந்த வருவாய் வேண்டும், அதில் ஒரு பங்கு அவர்களே விகிதம் வைக்கும் வரியாக இருக்க வேண்டும், மானியத்தை முடிந்தவரை ஒரே திட்டத்தோடு கட்டிப்போடக் கூடாது. அதிகாரத்தைக் கொடுத்துப் பணப்பையை வைத்துக்கொள்வது பழைய தந்திரம்.

கேள்வி: மக்களே பட்ஜெட் போடுவதெல்லாம் நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-ல் தொடங்கினார்கள். பகுதிவாரியாகக் கூடி, எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். ஏழைப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வந்தன. தொடங்கிய கட்சி 2004-ல் நகரத்தை இழந்த பிறகு அது மெல்லத் தேய்ந்தது.

கேள்வி: சின்னச் சின்ன மன்றங்களை இணைத்தால் செலவு மிச்சம்தானே?

சிலவற்றில் மிச்சம். டென்மார்க் 2007-ல் 271 நகராட்சிகளை 98 ஆக்கியது. சுவிட்சர்லாந்திலோ இன்னும் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன; இணைத்தால்தான் நாடு ஓடும் என்றில்லை.

கேள்வி: உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கையில் எல்லாம் போய்விடாதா?

போகும். மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலில் சேரவிடாமல் தடுத்ததும் உள்ளூர் அலுவலகங்கள்தான். அதை உடைக்க 1965-ல் மத்தியச் சட்டமே வேண்டியிருந்தது. சாலை எங்கே போடுவது என்பதை ஊர் முடிவுசெய்யட்டும். யாருக்கு ஓட்டுரிமை என்பதை ஊரிடம் விடாதீர்கள்.